டெல்லியிலிருந்து ஸ்பிதிக்கு கிராவல் சைக்கிளில்: கின்னௌர் வழியாக ஏறி, குன்சும் தாண்டி இறங்க முழுமையான வழிகாட்டி

முதல் தடவை ஹிமாச்சலின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போனபோது நான் ஒரு கிலோமீட்டர்கூட சைக்கிள் ஓட்டவில்லை. கஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் ஏறி, மணாலியில் இறங்கி, மறுநாள் விடியும் முன்பே ஜீப் கூரையில் சைக்கிளைக் கட்டி, குன்சும் கணவாயைத் தாண்டி, சாயங்காலம் ஸ்பிதியின் பெரிய ஊரான காஸாவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாமர்த்தியமாகத் திட்டம் போட்டுவிட்டதாக நினைப்பு. ராத்திரி ஒன்பது மணிக்குத் தலையை யாரோ பாக்குவெட்டியில் வைத்து நெரிப்பது போல இருந்தது. பிறகு வாந்தி. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அதே மாதிரி ஒரு ஜீப்பில் கீழே இறங்கினேன். கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தலைதான் வரமாட்டேன் என்றது.

டெல்லி கடல்மட்டத்திலிருந்து 216 மீட்டர். காஸா சுமார் 3,650. நடுவில் குன்சும் சுமார் 4,550. ஒன்றரை நாளில் உடம்பை இப்படித் தூக்கிப் போட்டால் அது சும்மா இருக்காது. அடுத்த வருடம் அதே ஊர்களுக்கு எதிர்த்திசையில் போனேன். சிம்லா, கின்னௌர் பக்கமாக மெல்ல ஏறி, கடைசியில் குன்சும் வழியாக வெளியே வந்தேன். ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் திசையைப் பற்றியதுதான். டயர் எவ்வளவு அகலம், பை எவ்வளவு லிட்டர் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இந்தப் பாதை யாருக்கு

ஆல்ப்ஸில் கிராவல், அதாவது சரளைச் சாலைக்கான சைக்கிள், ஓட்டுகிறவர்களின் படங்களில் பச்சைப் புல்வெளி, மாடு, மணி, மரவீடு எல்லாம் இருக்கும். ஸ்பிதியில் அதெல்லாம் கிடையாது. கின்னௌரில் பூ என்ற ஊரைத் தாண்டியதும் மரங்கள் கைவிட்டுவிடும். அப்புறம் கல், மண், தூசி, நடுவில் சாம்பல் நிற ஆறு. குறிஞ்சியின் உயரத்தில் பாலையைக் கொண்டுபோய் வைத்தது போன்ற நிலம். இமயத்தின் மழை மறைவில் இருப்பதால் பருவமழை இங்கே ஏறக்குறைய எட்டுவதில்லை. சரளைச் சாலைக்கு இதைவிட நல்ல இடம் நம் நாட்டில் நான் பார்த்ததில்லை.

தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 60 கிலோமீட்டர், அதில் ஆயிரம் மீட்டர் ஏற்றம் என்று ஓட்ட முடிகிறவர்கள் கிளம்பலாம். பந்தயக்காரராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் மிக நிதானமாக ஓட்டியவர் 56 வயதுக்காரர். உயரத்தில் ஒரு நாள்கூடச் சிரமப்படாதவரும் அவர்தான். முட்டி மோதி ஓட்டிய இளைஞர்கள்தான் நாகோவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எப்போது

குன்சும் கணவாய் மே கடைசி அல்லது ஜூனில் திறக்கும். அக்டோபரில் பனி விழத் தொடங்கினால் எந்த நாளும் மூடலாம். இந்த ஜன்னலுக்குள்ளும் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். ஸ்பிதியில் மழை இல்லாவிட்டாலும் அங்கே போகும் வழியான கின்னௌரில் அந்த இரண்டு மாதமும் மலை சரியும். 2021 ஆகஸ்ட் 11 அன்று நிகுல்சாரியில் ஓடிக்கொண்டிருந்த அரசுப் பேருந்து மேலேயே மலை இறங்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே சாலையில்தான் நாமும் போகிறோம். ஸ்பிதிப் பக்கமும் முழு உத்தரவாதம் கிடையாது. 2023 ஜூலையில் சந்திரதால் கூடாரங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் பருவம் தப்பிய பனியில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

என் கணக்கில் செப்டம்பர் முதல் மூன்று வாரம் சிறந்தது. ஓடைகளில் தண்ணீர் குறைந்திருக்கும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், கின்னௌரில் ஆப்பிள் பழுத்திருக்கும். ஜூன் பின்பாதி அடுத்தது. ஆனால் அப்போது உருகும் பனியெல்லாம் ஓடையில்தான் வந்து சேரும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சைக்கிள்

கிராவல் பைக் என்பது வளைந்த ஹேண்டில், சாலை சைக்கிளைவிட அகலமான டயர், டிஸ்க் பிரேக், பை மாட்ட நிறைய திருகுத் துளைகள் கொண்ட வண்டி. ஸ்பிதிக்கு அதில் இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். டயர் குறைந்தது 42 மில்லிமீட்டர், ஃப்ரேமில் இடம் இருந்தால் 45 முதல் 50. இரண்டாவது கியர். பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரம் முன்னால் உள்ள மிகச் சின்னதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முன்னால் 30 பல், பின்னால் 36 இருந்தால் நிம்மதி. சமதரையில் ஓட்டிப் பழகிய டெல்லிக்காரர்கள் வாங்கும்போது கவனிக்காத இடம் இதுதான். முன்னால் ஒற்றை 40 பல் சக்கரத்தோடு வந்த ஒரு நண்பர், நாகோவுக்கு ஏறும் கா வளைவுகளில் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

மவுன்டன் பைக் இருந்தால் அதையே கொண்டு வாருங்கள், தனியாக கிராவல் வாங்க வேண்டாம். குன்சுமைத் தாண்டியதும் வரும் படால் முதல் கிராம்ஃபூ வரையிலான 50 கிலோமீட்டரில் கிராவல்காரர்கள் எல்லோரும் முன் சஸ்பென்ஷன் வைத்திருப்பவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

பிரேக் விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். ஹைட்ராலிக் நன்றாகப் பிடிக்கும், மறுப்பில்லை. ஆனால் கல்லில் விழுந்து எண்ணெய்க் குழாய் அறுந்தால் காஸாவில் சரிசெய்ய முடியாது. கேபிளில் இழுக்கும் டிஸ்க் என்றால் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம்கூட ஒரு கம்பி வாங்கி ஒப்பேற்றிவிடலாம். எதுவாக இருந்தாலும் பிரேக் பேடு உலோகக் கலவையில் இருக்கட்டும், உபரியாக இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் ரெசின் பேடு ஒரே இறக்கத்தில் தேய்ந்துவிடும்.

டயர் டியூப்லெஸ்தான். ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவமான சீலன்டைக் கிளம்பும் வாரத்தில் புதிதாக ஊற்றுங்கள். டெல்லி மே மாதச் சூட்டில் பழைய சீலன்ட் உள்ளேயே தயிர் ஆடை போல உறைந்திருக்கும். காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டெல்லியில் வெளிக்காற்று டயரைச் சுற்றி ஏறக்குறைய 14.3 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்துகிறது. குன்சுமில் அது 8.4 அளவுக்குக் குறைந்துவிடும். அதாவது கீழே 35 வைத்து அடித்த டயர், வெப்பம் மாறாமல் இருந்தால், மேலே 41 காட்டும். ஆனால் மேலே குளிரும். டெல்லியின் 35 டிகிரியிலிருந்து கணவாயின் 5 டிகிரிக்குப் போனால் சுருங்கும் காற்று அந்த 6-ல் 5-ஐத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே காலையில் சரியாக இருக்கும் டயர், வெயில் ஏறிய மத்தியானத்தில் கல்லில் பந்து போலத் துள்ளும். விரலால் அழுத்திப் பார்த்துக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். 70 கிலோ ஆளுக்கு, 45 டயருக்கு, பையோடு 30 முதல் 33 போதும்.

ஜண்டேவாலான் சந்தையில் கிளம்பும் முன் வாங்க வேண்டியவை: உங்கள் ஃப்ரேமுக்குரிய டிரெய்லர் ஹேங்கர் (செயினைக் கியர் மாற்றும் டிரெய்லரை ஃப்ரேமோடு பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) இரண்டு, செயின் இணைப்பு இரண்டு, டியூப் இரண்டு, டயர் பிளக், கியர் கேபிள் ஒன்று, பிரேக் கேபிள் ஒன்று. ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. கடைக்காரர் “இதுவே பொருந்தும் பாய்சாப்” என்றாலும் பழையதைக் கழற்றி மேலே வைத்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். டயரின் பக்கம் கிழிந்தால் உள்ளே வைத்துத் தைக்க, காலியான பற்பசை டியூபை நீளவாக்கில் வெட்டிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒரு முறை ஹர்லிங்கிலிருந்து காஸாவரை தாங்கியது.

டெல்லியில் பயிற்சி

மலையே இல்லாத ஊரில் மலைக்குத் தயாராக வேண்டும். நவம்பர் முதல் ஜனவரிவரை காற்று இருக்கும் லட்சணத்தில் வெளியே மூச்சு வாங்க ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மாதங்களில் வீட்டில் சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெயினர், அல்லது மாடிப்படி. பிப்ரவரியில் வெளியே வாருங்கள். ஃபரிதாபாத்–குருகிராம் சாலையிலிருந்து மாங்கர் கிராமத்துக்குள் திரும்பினால் ஆரவல்லிக் குன்றுகளின் மண், சரளை, முள் எல்லாம் கிடைக்கும். முள் விஷயம் விளையாட்டல்ல, கீகர் முள் டயரின் நடுவிலேயே ஏறும். மயூர் விஹாரில் இருப்பவர்களுக்கு யமுனைக் கரையின் மணல் பாதைகள் பக்கத்திலேயே உண்டு. மணலில் ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல் ஓட்டப் பழகினால் பின்னால் உதவும்.

ஏற்றத்துக்கு ஒரு வாரக்கடைசி டேராடூன் போய்விட்டு வாருங்கள். டேராடூனிலிருந்து மசூரிக்கு சுமார் 35 கிலோமீட்டரில் 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம். பைகளில் முழுச் சுமையோடு சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை ஏறிப் பாருங்கள். ஞாயிறு பாதியில் நின்றுவிட்டால் ஸ்பிதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் டெல்லியில் எவ்வளவு ஓட்டினாலும் உயரத்துக்குப் பழக முடியாது. அது மேலே போய்த் தூங்கினால்தான் வரும்.

உயரக் கணக்கு

4,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவான ஆக்சிஜன்தான் கிடைக்கும். உடம்பு இதற்கு ஈடுகொடுக்க நாள் எடுக்கும். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி: 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு எடுங்கள். தூங்கும் இடம் என்பதைக் கவனியுங்கள். பகலில் மேலே போய்விட்டு ராத்திரி கீழே வந்து படுப்பது நல்லதே.

தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கம் வராமை இவை முதல் அறிகுறிகள். இவை இருந்தால் அங்கேயே நில்லுங்கள், மேலே போக வேண்டாம். குதிகாலும் கட்டைவிரலும் தொட நேர்க்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், அது நுரையீரல். இந்த இரண்டிலும் ராத்திரியா பகலா என்று பார்க்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். அசிடசோலமைடு மாத்திரையைத் தடுப்புக்காக எடுத்துக்கொள்வது உண்டு. உங்களுக்கு அது சரிப்படுமா, எவ்வளவு என்பதை டெல்லியிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு, நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது. மேலே போனதும் ‘குளிருக்கு’ என்று ஒரு பெக். முதல் ஒரு வாரத்துக்கு அது வேண்டாம்.

பஸ் கூரையில் சைக்கிள்

டெல்லியிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகலாமா என்று ஆர்.கே. புரத்துத் தம்பி ஒருவன் கேட்டான். “அம்பாலா வரைக்கும் லாரிப் புகையைக் குடிக்கணும்னு வேண்டுதலா?” என்றேன். “அண்ணா, முழுசா ஓட்டினாத்தானே கணக்கு?” என்றான். யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கஷ்மீரி கேட்டிலிருந்து ராத்திரி பஸ்ஸில் சிம்லா, அங்கிருந்து மறுநாள் காலை ஹிமாச்சல் அரசு பஸ்ஸில் ரெக்காங் பியோ. நல்ல சாலை, நல்ல கால், விடுப்பு எல்லாம் பியோவுக்கு மேலே செலவாகட்டும்.

வால்வோவின் அடிவயிற்றில் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிள் படுத்துக்கொள்ளும். சாதாரண பஸ்ஸில் கூரைதான். கண்டக்டர் சைக்கிளுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது நீங்களே மேலே ஏறுங்கள், பையனிடம் விடாதீர்கள். 5 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் பின் டிரெய்லரைக் கழற்றி, ஒரு பழைய காலுறைக்குள் திணித்து, ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கள். செயினைக் கழற்ற வேண்டியதில்லை. கியர் இல்லாத பக்கம் தரையில் படும்படி படுக்க வையுங்கள். கயிறு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கட்டினால் இறுகவும் இறுகும், பள்ளத்தில் குதித்தால் கொடுத்து வாங்கவும் செய்யும். என் முதல் கூரைப் பயணத்தில் யாரோ இரண்டு மூட்டை வெங்காயத்தை டிரெய்லர் பக்கமாகவே வைத்தார்கள். பியோவில் இறக்கிப் பார்த்தபோது ஹேங்கர் வாழைப்பழம் போல வளைந்திருந்தது. உபரி ஹேங்கர் இரண்டு என்று மேலே சொன்னது அதனால்தான்.

பியோ முதல் காஸா வரை

முதல் நாள் ரெக்காங் பியோவில் தூங்குங்கள், சுமார் 2,290 மீட்டர். சைக்கிளை மாட்டி, திருகுகளை எல்லாம் ஒரு சுற்று இறுக்குங்கள்.

இரண்டாம் நாள் பியோவிலிருந்து கல்பாவுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் ஏற்றம், அவ்வளவுதான். சுமார் 2,960 மீட்டர். சாமான்களை அங்கே போட்டுவிட்டு ரோகி கிராமம் வரை போய் வாருங்கள். செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்ட சாலை, எதிரே கின்னர் கைலாசம். வண்டியில் எது ஆடுகிறது, எந்தப் பை உரசுகிறது என்பது இந்தச் சின்னப் பயணத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் கல்பாவிலிருந்து இறங்கி சட்லெஜ் ஓரமாக பூ வரை, சுமார் 70 கிலோமீட்டர். பெரும்பாலும் தார், நடுநடுவே சரிவு விழுந்த இடங்களில் கல். அழகைப் பார்க்கும் சாக்கில் பாறைக்கடியில் நிற்காதீர்கள். ‘கல் விழும் பகுதி’ என்று பலகை இருக்கும் இடத்தில் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். காற்று எழும்பும் மத்தியானத்தில்தான் கல் உருளும், அதனால் காலை ஆறுக்கே கிளம்பிவிடுங்கள்.

நான்காம் நாள்தான் முதல் சோதனை. பூவிலிருந்து காப் வரை கொஞ்சம் தூரம். அங்கே சட்லெஜில் ஸ்பிதி ஆறு வந்து சேர்கிறது. பாலத்தைத் தாண்டியதும் கா வளைவுகள் தொடங்கும். கொண்டை ஊசி மேல் கொண்டை ஊசியாக, நிழல் என்ற பேச்சே இல்லாமல், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி நாகோ. நாகோ சுமார் 3,660 மீட்டர். மேலே சொன்ன 500 மீட்டர் விதியை இங்கே மீறுகிறோம், நடுவில் வசதியாகத் தங்க ஊர் இல்லை. அதற்கு ஈடாக நாகோவில் இரண்டு இரவு. ஐந்தாம் நாள் சைக்கிளைத் தொடாதீர்கள். ஏரியைச் சுற்றுங்கள், பழைய கோம்பாவை (பௌத்த மடம்) பாருங்கள், நிறைய சூப் குடியுங்கள். யாருக்காவது தலைவலி விடாமல் இருந்தால் இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் கீழே இறங்கிவிடலாம். இந்தத் திசையின் பெரிய வசதியே அதுதான். மணாலி வழியாக வந்து காஸாவில் மாட்டிக்கொண்டால், ஒரு பக்கம் கீழே போக முதலில் குன்சும் மேலே ஏற வேண்டும், இன்னொரு பக்கம் நாள் முழுக்க ஆற்றோரம் போக வேண்டும்.

ஆறாம் நாள் நாகோ – தாபோ, சுமார் 65 கிலோமீட்டர். மாலிங் ஓடைப் பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். சாங்கோ, சும்தோ, ஹர்லிங் என்று ஊர்கள் வரும். சும்தோவில் சோதனைச் சாவடி, ஆதாரைக் கையில் எடுக்கும்படி வையுங்கள். இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை, வெளிநாட்டவர்களுக்கு வேண்டும். நேரம் இருந்தால் வழியில் பிரிந்து ஏறும் எட்டு கிலோமீட்டர் சாலையில் கியூ கிராமம். உட்கார்ந்த நிலையிலேயே பதப்பட்டுப்போன ஒரு துறவியின் உடல் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது, 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிப்பட்டது. தாபோ 3,280 மீட்டர், நாகோவைவிடத் தாழ்வு. அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல தூக்கம் வரும். தாபோ மடம் 996-ல் கட்டப்பட்டது, நம் ராஜராஜன் தஞ்சையில் ஆண்டுகொண்டிருந்த காலம். உள்ளே மண் சுவர் ஓவியங்களை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஏழாம் நாள் தாபோவிலிருந்து ஷிச்லிங் வரை ஆற்றோரம், பிறகு எட்டு கிலோமீட்டர் ஏறி தங்கர், சுமார் 3,890. எட்டாம் நாள் அங்கிருந்து காஸா வெறும் 30 சொச்சம் கிலோமீட்டர். ‘பின்’ என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் முத் கிராமம்வரை போக ஆசைப்படுகிறவர்கள் அத்தார்கோ பாலத்தில் பிரிந்து இரண்டு நாள் கூட்டிக்கொள்ளலாம். நான் போயிருக்கிறேன், நல்ல சரளை. ஆனால் பன்னிரண்டு நாள் விடுப்பில் வருகிறவருக்குக் காஸாவுக்கு மேலே உள்ள கிராமங்கள்தான் முக்கியம்.

காஸாவுக்கு மேலே: உண்மையான சரளை இங்கேதான்

இதுவரை வந்தது நெடுஞ்சாலை. கிராவல் பைக் எதற்கு வாங்கினோம் என்பது காஸாவில்தான் புரியும். இரண்டு இரவாவது இங்கே தங்கி, சுமையை அறையில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளோடு மேலே போங்கள்.

லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்கலாம், சுமார் 45 முதல் 50 கிலோமீட்டர். காஸாவிலிருந்து லாங்ஸாவுக்கு ஏற்றம் நேரடியாக, ஈவிரக்கமில்லாமல் இருக்கும். முதல் பத்து கிலோமீட்டரில் பேச்சு வராது. பிறகு சட்டென்று நிலம் விரிந்து, சௌ சௌ காங் நில்டா சிகரத்தின் கீழே லாங்ஸாவின் பெரிய புத்தர் தெரிவார். ஊர் சுமார் 4,400 மீட்டர். இங்கே வயலோரத்தில் கல்லைப் புரட்டினால் சுருள் வடிவச் சங்குகளின் படிமம் கிடைக்கும். இமயம் எழும் முன் இங்கே இருந்த தெதிஸ் கடலின் மிச்சம். பிள்ளைகள் அதைக் கையில் வைத்து விற்க வருவார்கள், வாங்காதீர்கள்.

லாங்ஸாவிலிருந்து ஹிக்கிம் போகும் பாதைதான் எனக்கு இந்தப் பயணம் முழுவதிலும் பிடித்த துண்டு. அகலமான மண் சாலை, பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, இரண்டு பக்கமும் பட்டாணியும் பார்லியும். சில இடங்களில் ஜீப்புகள் ஓடி ஓடித் தகர ஓட்டுக் கூரை போல வரிவரியாகக் கிடக்கும். அதன் மேல் மெதுவாகப் போனால் பல் கழன்றுவிடும். வேகத்தைக் கூட்டி, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து, சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிப் போனால் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு சைக்கிள் மிதக்கும். சாலை ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வரி விழாத மண் இருக்கும், அதைத் தேடிப் பிடிப்பதே ஒரு கலை.

ஹிக்கிம் தபால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஓர் அட்டை போடுங்கள். மயூர் விஹாருக்கு நான் போட்ட அட்டை, நான் வந்து சேர்ந்து சளியெல்லாம் விட்ட பிறகு வந்தது. கோமிக் சுமார் 4,590 மீட்டர். மோட்டார் சாலை எட்டும் மிக உயரமான கிராமங்களில் ஒன்று. அங்கே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

அடுத்த நாளுக்குக் கீ, கிப்பர், சிச்சம். கீ மடம் வரை தார்தான். கிப்பரைத் தாண்டி ஆழமான பிளவின் குறுக்கே 2017-ல் திறந்த சிச்சம் பாலம். அதற்கு முன் ஊர் மக்கள் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து அக்கரை போனார்கள். இந்த நாளைப் போய்த் திரும்பும் நாளாக வைக்காமல், முழுச் சுமையோடு லோசருக்குப் போகும் வழியாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். சிச்சமிலிருந்து மேட்டுநிலத்திலேயே போய், பிறகு இறங்கி, பள்ளத்தாக்குச் சாலையைப் பிடித்து லோசர். கீழே ஆற்றோர நெடுஞ்சாலையில் நேராகப் போனால் நேரம் மிச்சம், ஆனால் இதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

காஸாவை விட்டுக் கிளம்பும் முன் பணம் எடுத்துவிடுங்கள். இதற்கு அப்புறம் மணாலிப் பக்கம் போகும்வரை ரொக்கம்தான். வீட்டுக்கும் போன் பேசிவிடுங்கள், “ரெண்டு மூணு நாள் சிக்னல் இருக்காது, பயப்படாதே” என்று. இதைச் சொல்லாமல் போய், என் மனைவி அண்ணனை எழுப்பி, அண்ணன் இன்னும் நான்கு பேரை எழுப்பிய கதை தனி.

குன்சும், படால், பிறகு ஆறே சாலை

லோசர் சுமார் 4,080 மீட்டர். விடிகாலையில் பாட்டில் மூடி உறைந்து திறக்காது, அதனால் ராத்திரி பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலே இருக்கும் அடிப்பக்கம் முதலில் உறையும், வாய்ப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். இங்கிருந்து 18 கிலோமீட்டரில் குன்சும். ஏற்றம் கொடூரமில்லை, இதற்குள் உங்கள் ரத்தமும் தேறியிருக்கும். உச்சியில் கொடிகள் சுற்றிய கோயில். எல்லா வண்டியும் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். நாமும் சுற்றினோம், பிள்ளையார் கோயில் பழக்கம்.

இறங்கியதும் படால், சுமார் 3,960 மீட்டர், சந்திரா ஆற்றின் கரையில் இரண்டு மூன்று கல் குடிசைகள். சாச்சா–சாச்சி தாபா என்று சொன்னால் இந்த வழியில் தெரியாத ஓட்டுநர் இல்லை. ராஜ்மா சாதம், அடுப்படிச் சூடு, கம்பளி. சந்திரதால் ஏரிக்கு இங்கிருந்து 14 கிலோமீட்டர் பக்கச் சாலை. ஏரிக்கரையிலேயே கூடாரம் போட அனுமதி இல்லை, கொஞ்சம் முன்னால் உள்ள முகாம்களில் தங்க வேண்டும். வானிலை நன்றாக இருந்தால் போங்கள். மேகம் இறங்கினால் பேசாமல் படாலிலேயே படுத்துவிட்டுக் காலையில் வெளியேறுங்கள்.

படாலிலிருந்து சத்ரு 30 சொச்சம் கிலோமீட்டர், சத்ருவிலிருந்து கிராம்ஃபூ 17. காகிதத்தில் பாதி நாள். ஆனால் இங்கே சாலை என்பது பெயருக்கு. உருண்டைக் கற்கள், முட்டளவு பள்ளம், நடுவில் பனி உருகி ஓடும் ஓடைகள். அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் மாவு போலத் தூசி. மணிக்கு எட்டு கிலோமீட்டர் போனால் நன்றாகப் போகிறீர்கள்.

ஓடையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. மேலே உள்ள பனிக்கட்டி வெயிலில் உருகி, அந்தத் தண்ணீர் சாலையை எட்டுவது பிற்பகலில். காலை ஆறு மணிக்குக் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை, மூன்று மணிக்குத் தொடையை எட்டும். அதனால் ஐந்து மணிக்கே கிளம்பி, பெரிய ஓடைகளைப் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். கடக்கும் இடத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்தால் ஆழம் குறைவு, மழமழவென்று கண்ணாடி போல இருந்தால் ஆழம். ஷூவைக் கழற்றி வெறுங்காலில் இறங்காதீர்கள், அடியில் கற்கள் உருளும், குளிரில் கால் மரத்து எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. ரப்பர் செருப்பு, வார் உள்ளது, அதற்கென்றே ஒரு ஜோடி. சைக்கிளை நீரோட்டம் வரும் பக்கம் வைத்துத் தள்ளினால் தண்ணீர் அதை உங்கள் காலில் சாய்த்து உங்களையும் சேர்த்துத் தள்ளும். நீங்கள் மேல்பக்கம், சைக்கிள் கீழ்ப்பக்கம். இழுத்தால் சைக்கிளை விட்டுவிடுங்கள். இரண்டாவது பெரிய ஓடையில் என் தம்பி விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு இரண்டு முட்டியையும் கல்லில் உடைத்துக்கொண்டான். அக்கரையில் ஒரு லாரிக்காரர் கயிறு போட்டு இழுத்தார், பிறகு டீயும் கொடுத்தார்.

கிராம்ஃபூவில் தார் தென்படும். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆகும். தெம்பு இருக்கிறவர்கள் சுமார் 15 கிலோமீட்டர் ஏறி 3,978 மீட்டர் ரோஹ்தாங்கைத் தாண்டி, அங்கிருந்து 51 கிலோமீட்டர் இறக்கத்தில் மணாலி சேரலாம். நான் ஒரு தடவை அப்படி வந்தேன், அடுத்த தடவை கோக்சரில் ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி, 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வழியாகப் போய்விட்டேன். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம்.

சாப்பாடு, துணி

ஊருக்கு ஊர் வீட்டுத் தங்கலில் தால், சாதம், ரொட்டி, துக்பா என்ற நூடுல்ஸ் சூப் கிடைக்கும். ஓட்டும்போது வாயில் போட கடலை மிட்டாயை மிஞ்ச ஒன்றும் இல்லை. விலை உயர்ந்த எனர்ஜி பார் குளிரில் செங்கல்லாகிவிடும், கடலை மிட்டாய் எந்த உயரத்திலும் நொறுங்கும். கரோல் பாக்கில் ஒரு கிலோ வாங்கி, ஒரு கைப்பிடி உப்புக் கடலையோடு நாள்வாரியாகப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். சின்ன டப்பாவில் புளிக்காய்ச்சல். உயரத்தில் பசி செத்துப்போகும். எதிரே நல்ல சாதம் இருந்தும் இறங்காது. நாகோவில் அந்த வெள்ளைச் சாதத்தில் ஒரு கரண்டி புளிக்காய்ச்சலைப் போட்டதும் எங்கள் ஆட்கள் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்கள். வீட்டு அம்மாளும் ருசி பார்த்து, மிச்சத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

தண்ணீர் நாளுக்கு நான்கு லிட்டர், தாகம் இல்லாவிட்டாலும். துணியில் ஒன்றே ஒன்று: முழு விரல் கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனையும். வெயிலில் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடும். மூக்கின் அடிப்பக்கம், காது மடல் இரண்டிலும் களிம்பு தடவ மறக்காதீர்கள். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்தவர்தான் முதலில் தோல் உரிந்தார்.

மணாலியில்

பஸ் ஏறும் முன் சைக்கிளைக் கழுவுங்கள். சந்திரா ஓடைகளின் தண்ணீரில் பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்திருக்கும். அது காய்ந்து பேரிங்குக்குள் உட்கார்ந்தால் டெல்லி வருவதற்குள் மணல் அரைக்கும் சத்தம் கேட்கும். அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள், வாளியும் துணியும் போதும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பேடின் கனத்தைப் பாருங்கள். பிறகு அதே 5 மில்லிமீட்டர் சாவி, அதே காலுறை, டிரெய்லர் மறுபடி முக்கோணத்துக்குள். ஆப்பிள் பருவம் என்றால் கூரையில் பெட்டிகள் ஏறும். எல்லாப் பெட்டியும் ஏறி முடிந்த பிறகு, கடைசி ஆளாக சைக்கிளை ஏற்றுங்கள்.